மருந்துக்கடைக்குப் போகும் முன்: கொங்குக் காட்டில் பயிர்க்கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

இது ரெண்டு ஏக்கர் தோட்டம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும், காட்டை, அதாவது விளைநிலத்தை, குத்தகைக்கு ஓட்டுபவர்களுக்கும், ஒரே போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) மூன்று பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் கட்டுபவர்களுக்கும் எழுதியது. கையில் பணம் குறைவு, ஆள் குறைவு, தண்ணீர் அதைவிடக் குறைவு. இந்த நிலையில் பயிரில் ஒரு கோளாறு தெரிந்ததும் இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, பச்சை கட்ட ஒரு டானிக் என்று மூன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பயிர் தேறினால் எது கேட்டது என்று தெரியாது. தேறாவிட்டால் எது தப்பு என்றும் தெரியாது. அடுத்த பட்டத்தில் அதே கோளாறு வரும், அதே மூன்று பாட்டிலும் வீட்டுக்கு வரும்.

நம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர்ச் சமவெளியில் வருடத்துக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது காற்று மட்டும்தான். இருக்கிற ஈரத்தையும் அது வாங்கிக்கொண்டு போய்விடும். மண்ணில் சுண்ணாம்பு, போர்த் தண்ணீரில் உப்பு. அதனால் இங்கே பயிர் காட்டும் அறிகுறிகள் நிறைய பூச்சியாலோ நோயாலோ வருவதில்லை, மண்ணாலும் தண்ணீராலும் வருகின்றன. அதற்கு எந்தப் பாட்டிலும் கேட்காது.

எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

மண்வெட்டி ஒன்று போதும். கெட்ட செடி ஒன்றையும் பக்கத்தில் இருக்கும் நல்ல செடி ஒன்றையும் வேரோடு தோண்டி எடுங்கள். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் பார்க்க வேண்டிய சிறுவேரெல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். ரெண்டையும் ஒரு சாக்கின் மேல் பக்கம் பக்கமாக வைத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பாக அழுகியிருக்கிறதா, முடிச்சு முடிச்சாக இருக்கிறதா, நேராக இறங்காமல் பக்கவாட்டில் மடங்கி ஓடுகிறதா? பயறு, கடலையின் வேரில் உருண்டையாக ஒட்டியிருக்கும் முடிச்சு நல்லது. அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு, விரலால் தள்ளினால் கழன்று வரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தக்காளி, கத்தரி வேரே வீங்கி முடிச்சாகியிருந்தால் அது நூற்புழு.

அப்புறம் வரப்பில் நின்று கோளாறு எந்த உருவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நேர்கோட்டில், சாலுக்குச் சால் ஒரே மாதிரி இருந்தால் அது மனிதர் செய்தது: உரம் விழுந்த விதம், சொட்டுநீர்க் குழாய் அடைப்பு, தெளிப்பான் மூக்கு. வட்டமாக நாளுக்கு நாள் பரவினால் நோய். பள்ளமான இடத்தில் மட்டும் என்றால் தண்ணீர் தேங்குகிறது. வேலியோரம் தொடங்கி உள்ளே வந்தால் பூச்சி. காடு முழுக்கச் சீராக இருந்தால் சத்துக் குறைவு, அல்லது தண்ணீரின் குணம். இதைப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும், காசு ஆகாது.

இலை மஞ்சளாகிறது

இந்த ஒரு அறிகுறிக்குத்தான் நம் பக்கம் வீண் செலவு அதிகம். மஞ்சள் என்றாலே யூரியா என்று கை தானாகப் போகிறது. எந்த இலை மஞ்சள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

அடி இலைகள், அதாவது வயதான இலைகள் சீராக வெளுத்துக் கொழுந்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. செடி அடி இலையிலிருந்து சத்தை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கிறது. இதற்கு யூரியா சரி. மக்கிய குப்பையும் மூத்திரக் கரைசலும் சரி.

கொழுந்து வெளுத்து, இலை நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. கடலை, சோளம், கரும்பு, மஞ்சள் எல்லாவற்றிலும் நம் சுண்ணாம்பு மண்ணில் இதைப் பார்க்கலாம். சோளத்தில் இலை நீளத்துக்கும் வெள்ளைக் கோடும் பச்சைக் கோடுமாக மாறி மாறி இருக்கும். முற்றினால் கொழுந்து முழுக்கக் காகிதம் போல் வெளுத்துவிடும். காங்கயம் பக்கம் ஒரு கடலைக்காட்டில் ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க, ரெண்டு தடவ யூரியா போட்டாச்சுங்க. போடப் போட வெளுத்துட்டே போகுதுங்களே?" வெளுக்கத்தான் செய்யும். யூரியாவால் செடி வேகமாக வளரும், புதுக் கொழுந்துக்கு இரும்பு இன்னும் பற்றாமல் போகும்.

அந்தக் காட்டிலேயே மண் உடைந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் வெள்ளை வெள்ளையாக, கடலைப் பருப்பளவில் கிடந்தது. ஒரு பிடி மண்ணை ஓட்டுத்துண்டின் மேல் வைத்து, கழிவறை கழுவும் ஆசிட்டில் நாலு சொட்டு விட்டோம். சர்ரென்று நுரை பொங்கியது. சோடா பாட்டிலைத் திறந்தது போல் சத்தம் வேறு. கோளாறு என்ன என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நீங்களும் செய்து பார்க்கலாம். கையில் படாமல், குழந்தைகள் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். நுரை வந்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாத வடிவத்தில் பூட்டிக் கிடக்கும். அதனால் இரும்பு உப்பை வாங்கி மண்ணில் கொட்டுவதும் பலன் தராது, அதுவும் பூட்டிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இது. அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். கூட ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. சாயங்காலம், வெயில் தணிந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். கரைத்த உடனே அடித்துவிட வேண்டும்; வைத்திருந்தால் கரைசல் துருநிறமாகி வீணாகும். பத்து நாள் இடைவெளியில் ரெண்டு மூன்று தடவை அடித்தால் புதுக் கொழுந்து பச்சையாக வரும். ஏற்கெனவே வெளுத்த இலையில் தெளிப்பு பட்ட இடம் மட்டும் புள்ளி புள்ளியாகப் பச்சை கட்டும். அந்தப் பச்சைப் புள்ளி தெரிந்தால் நோய் கண்டுபிடித்தது சரி என்று அர்த்தம். எதுவுமே தெரியவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

இது தற்காலிகம்தான். அந்த மண்ணில் வேருக்கு இரும்பைக் கிடைக்கச் செய்வது மக்கிய குப்பையும் மடக்கி உழுத தழையும்தான். இன்னொன்று, தண்ணீரைக் குறையுங்கள். சுண்ணாம்பு மண்ணில் ஈரம் தேங்கத் தேங்க இந்த வெளுப்பு அதிகமாகும். காயவிட்டுக் கட்டினாலே பாதி தேறிய காடுகள் உண்டு.

மஞ்சளோடு இலை சுருண்டு, திட்டுத்திட்டாக, ஒரு செடி விட்டு ஒரு செடி என்று இருந்தால் அது சத்துக் குறைவே இல்லை. உளுந்து, பாசிப்பயறு, வெண்டை என்றால் வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். டானிக் அடிக்க வேண்டாம்.

இலை நுனி கருகுகிறது, மண்ணின் மேல் வெள்ளை பூக்கிறது

போர் ஆழமாக ஆழமாக இது கூடிக்கொண்டே வருகிறது. முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, உவரா களரா என்பது. காய்ந்ததும் மேலே வெள்ளை உப்பு பூத்து, மண் பொலபொலவென்று இருந்தால் உவர். காய்ந்தால் கல்லாக இறுகி, நனைந்தால் வழுக்கி, மழைத் தண்ணீர் கலங்கலாகவே நாள் கணக்கில் நின்றால் களர். பரிசோதனைச் சீட்டில் உப்பின் அளவைக் காட்டும் ஈசி 4-க்கு மேல் என்றால் உவர், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 8.5-க்கு மேல் என்றால் களர் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கும்.

களருக்குத்தான் ஜிப்சம். எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், பக்கத்துக் காட்டுக்காரர் போட்ட அளவு உங்களுக்கு ஆகாது. உவருக்கு ஜிப்சம் போடுவது வீண். அதற்கு நல்ல தண்ணீரால் கழுவி இறக்குவது ஒன்றுதான் வழி. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மழை இருக்கிறது, வாய்க்கால் முறை இருக்கிறது. பிஏபி, அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கு மாறி மாறித் தண்ணீர் விடுகிறார்கள். கீழ்பவானி வாய்க்காலிலும் முறை உண்டு. உங்கள் முறை வரும்போது அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை வரப்பை உயர்த்தி உப்பு பூத்த அணப்பில் (வயல் துண்டில்) நிறுத்தி, கீழே இறங்க விடுங்கள். வடிய வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு திரும்ப மேலே ஏறி வரும். ஐப்பசி மழைக்கு முன் வரப்பை அடைத்துவைப்பதும் இதே வேலையைச் செய்யும்.

வசதி இல்லாதவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நடும் இடத்தை மாற்றுங்கள். பாரின், அதாவது ரெண்டு சாலுக்கு நடுவில் இருக்கும் மண்மேட்டின் உச்சியில்தான் உப்பு சேரும். சாலில் தண்ணீர் ஓடும்போது ஈரம் மேலே ஏறி, உச்சியில் காய்ந்து, உப்பை அங்கேயே விட்டுவிடும். உச்சியில் நட்ட நாற்று அதனால்தான் சாகிறது. பாரின் பக்கச் சரிவில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நடுங்கள். அதே தண்ணீர், அதே நாற்று, பிழைக்கும்.

சொட்டுநீர் வைத்திருந்தால் உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் வளையமாக நிற்கும். சிறு தூறல் வந்தவுடன் மோட்டாரை நிறுத்திவிடுகிறோம், அது தப்பு. தூறல் அந்த வளையத்தைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிடும், மழைக்கு மறுநாள் பயிர் கருகியிருக்கும். உப்புத் தண்ணீர்க்காரர்கள் சிறு மழையின்போதும் சொட்டுநீரை ஓடவிட வேண்டும். குழாயின் துளைகளில் வெள்ளையாகப் பொருக்கு அடைத்தால், வாரம் ஒரு தடவை கடைசி மூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள். ஆசிட் விட்டுச் சுத்தம் செய்வதென்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

பயிரையும் பார்த்து எடுங்கள். பீன்ஸ், சின்ன வெங்காயம் உப்புத் தாங்காது. பருத்தி, பீட்ரூட், தென்னை தாங்கும், சோளம் ஓரளவு தாங்கும். எதுவுமே வராத அணப்பில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். நொய்யல் கரையில் ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிய நிலங்கள் மட்டும் வேறு கணக்கு. பல வருடம் சாயக்கழிவு தேங்கிய இடம் அது. அங்கே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்காமல் ஒரு விதையும் வாங்க வேண்டாம்.

நல்ல மழை பெய்தும் நாலு நாளில் பயிர் வாடுகிறது

மழை பெய்தது உண்மை, மண்ணுக்குள் போகவில்லை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அது இட்டேரி (ரெண்டு வேலிக்கு நடுவில் போகும் வண்டித்தடம்) வழியாகச் செந்நிறமாக ஓடிப் பள்ளத்தில் சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தை மாதம் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுகிறோம்.

மழை விட்ட மறுநாள் ஒரு அரை இன்ச் இரும்புக் கம்பியை எடுத்துக் காட்டில் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். ஆறேழு இன்ச்சில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நின்றால் அடியில் இறுக்கம் விழுந்துவிட்டது. வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓட்டியதன் பலன் அது. தோண்டிய செடியின் வேர் அந்த ஆழத்தில் மடங்கியிருக்கும். உளிக்கலப்பையில் ஒன்றரை அடி ஆழத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கீறிவிட்டால் சரியாகும். காய்ந்த மண்ணில் ஓட்ட வேண்டும், ஈரத்தில் ஓட்டினால் உடையாமல் வழுக்கிக்கொண்டு போகும். வாடகை ஒருவருக்குக் கட்டுப்படி ஆகாது. நாலைந்து காட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வண்டியை வரவழையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஆமணக்கும் துவரையும் போடுங்கள்; அவற்றின் ஆணிவேர் மெதுவாக அந்த வேலையைச் செய்யும், அறுத்தபின் வேர் மக்கிய துளை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

கம்பி நன்றாக இறங்குகிறது, ஆனாலும் தண்ணீர் ஓடுகிறது என்றால் சரிவு. கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். குறுக்கு எது என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டாம், ஏமாற்றும். ரெண்டு மூங்கிலை மேலே சேர்த்துக் கட்டி, இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் குச்சி கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் சமமட்டம் பார்க்கும் கருவி தயார். தரையில் நிறுத்தி நூல் குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. ரெண்டு காலையும் அதே ரெண்டு இடத்தில் மாற்றி வைத்து இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு, அதுதான் சமம். நூல் அந்த நடுக்கோட்டில் நிற்கும்படி காலைக் காலாக எடுத்து வைத்து நடந்து, கால் பட்ட இடமெல்லாம் முளைக்குச்சி அடித்தால் சமமட்ட வரி கிடைக்கும். அந்த வரியில் ஒரு அடி உயரத்துக்கு வரப்புப் போட்டு, அதன் மேல் கொழுக்கட்டைப்புல்லை விதையுங்கள். வரப்பும் கரையாது, ஆட்டுக்கும் தீனி. கொரங்காட்டில், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில், நம் பெரியவர்கள் வளர்த்த புல்தான் அது, இந்த மழைக்கு அதுதான் தாங்கும்.

விதை முளைக்கவில்லை

மறுபடி விதை வாங்கும் முன் மண்ணைக் கிளறி, போட்ட விதை என்ன ஆனது என்று தேடுங்கள். விதையே இல்லையா? எறும்பு, எலி, அணில், மயில். விதை ஊறி அழுகியிருக்கிறதா? ஆழம் அதிகம், அல்லது ஈரம் அதிகம். முளை வந்து மேலே வர முடியாமல் சுருண்டிருக்கிறதா? செம்மண்ணில் விதைத்தபின் பெய்த மழை காய்ந்து மேல்தோல் இறுகிவிட்டது. லேசாக முள்ளுப்படலை இழுத்துத் தோலை உடைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். விதை அப்படியே கல்லாகக் கிடக்கிறதா? ஈரம் போதவில்லை, அல்லது செத்த விதை.

செத்த விதையைக் காட்டில் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நூறு விதையை நனைந்த சாக்கில் வரிசையாக வைத்து, சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சோளத்தில் 75-க்கும் கடலையில் 70-க்கும் குறையாமல் முளைக்க வேண்டும். சான்று விதைக்கான அளவு அதுதான். குறைந்தால் அதற்கேற்ப விதையைக் கூட்டுங்கள், பாதிக்குக் கீழே என்றால் அதை மாட்டுக்குப் போடுங்கள். கடலையை மட்டும் விதைப்புக்கு ரொம்ப முன்னாலேயே ஓடு உடைத்து வைக்காதீர்கள். சிவப்புத் தோல் உரிந்த பருப்பு மண்ணில் அழுகிவிடும்.

மயிலுக்கு விஷம் வைப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முளைத்து நாலு இலை வரும்வரைதான் அதன் தொல்லை பெரிது. அதுவரை பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது, காலையிலும் மாலையிலும் ஊரில் முறை வைத்துக் காவல் நிற்பது, பக்கத்துக் காடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் விதைப்பது என்று சமாளிக்க வேண்டியிருக்கிறது. தனியாக ஒரு காடு மட்டும் முளைத்து நின்றால் ஊர் மயில் எல்லாம் அங்கேதான் இறங்கும்.

குப்பை அடித்தும் பலன் தெரியவில்லை

கட்டுத்தரைக்குப் பக்கத்தில் வெயிலில் குவித்து வைத்த சாணி, வருடம் கழித்து இலேசான தூசியாக இருந்தால் அதில் தழைச்சத்து முக்கால்வாசி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் பாதியைக் கொண்டுபோகும், மழை மீதியைக் கரைத்துப் பள்ளத்தில் விடும். குப்பைக்குழியை வேப்பமர நிழலுக்கு மாற்றுங்கள், மேலே தென்னங்கீற்றோ மண்பூச்சோ போடுங்கள். உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. வெள்ளையாகப் பூசணம் பூத்துக் கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம், கிளறிவிட்டுக் காய்ந்த சோளத் தட்டைச் சேருங்கள். குப்பையோடு கரையான் காட்டுக்கு வந்தால் அது மக்காத குப்பை.

மாட்டு மூத்திரத்தை நாம் விட்டுவிடுகிறோம். அதில்தான் பயிர் உடனே எடுக்கும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இருக்கின்றன. கட்டுத்தரையில் சிமெண்ட் போட முடியாதவர்கள் மாட்டின் பின்கால் பக்கம் அரை அடிக்கு மண்ணைப் பரப்பி வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அந்த ஈரமண்ணை வழித்துக் குழியில் போட்டுவிட்டுப் புதுமண் பரப்புங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. மாடே இல்லாதவர்கள் ஆட்டுக்காரரிடம் சொல்லி ராத்திரியில் காட்டிலேயே ஆட்டுப்பட்டி போடச் சொல்லுங்கள். பட்டி நகர்ந்ததும் அன்றைக்கோ மறுநாளோ உழுதுவிட வேண்டும். புழுக்கை வெயிலில் காய்ந்தால் கொடுத்த காசு காற்றில் போகும்.

சாணி, மூத்திரம், பால், தயிர், நெய் சேர்த்து ஊறவைக்கும் பஞ்சகவ்யம் அடித்தும் பயிர் எழவில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய அந்தக் கரைசல் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது மண்ணில் இல்லாத சத்தைக் கொண்டுவந்து கொட்டாது. ஈரமும் மக்கும் பொருளும் இருக்கும் மண்ணில் அது தூண்டும். வறண்ட, வெறும் மண்ணில் எதைத் தூண்டுவது? 10 லிட்டருக்கு 300 மில்லி போதும், கூட்டினால் இலை கருகும். தெளிப்பான் அடைக்காமல் இருக்க இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள்.

பூச்சிகள்

மக்காச்சோளக் குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம், இலையில் வரிசையாக ஓட்டை என்றால் படைப்புழு. இந்தியாவில் 2018-இல் முதலில் தென்பட்டது. புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி. முளைத்த முதல் மாதம்தான் முக்கியம். வாரம் ரெண்டு தடவை காட்டுக்குள் நடந்து, இலையில் பஞ்சு மூடிய முட்டைக்குவியலைக் கண்ட இடத்தில் நசுக்கிவிடுங்கள்; பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். குருத்தில் ஒரு சிட்டிகை மணல் போட்டால் புழு உள்ளே நிலைக்காது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டால் மண்ணில் கூட்டுப்புழு குறையும். கதிர் வந்தபின் மருந்து அடிப்பதில் காசுதான் போகும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் கேட்கவில்லை என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. பொதுவாகக் கொட்டைதான் காரணம். ஆனி, ஆடியில் விழும் பழத்தைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்தது, பூசணம் பிடித்தது, எட்டு மாதத்துக்கு மேல் கிடந்தது எதுவும் ஆகாது. பருப்பு அரை கிலோவை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதிசோப்பு கரைத்து, சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். இலை அடியில் படவில்லை என்றாலும் பலன் இல்லை.

தென்னை ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை, மேலே கரிப்பூச்சு என்றால் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சி பக்கம்தான் நம் நாட்டில் முதலில் கண்டார்கள். இதற்கு மருந்து அடிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி நம் தோப்பிலேயே இருக்கிறது. ஓலையைத் திருப்பிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குஞ்சு கறுத்து, முதுகில் வட்ட ஓட்டை இருந்தால் குளவி வேலை செய்கிறது. மருந்து அதைத்தான் முதலில் கொல்லும். மஞ்சள் பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்தில் ஏக்கருக்குப் பத்துக் கட்டுங்கள். கரிப்பூச்சுக்கு மைதாவைக் காய்ச்சி, லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் தெளித்தால் காய்ந்து பட்டையாக உதிரும்.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் வந்தபோது மல்பெரி, மரவள்ளி, பப்பாளி எல்லாம் வெளுத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடித்த மருந்துக்கு அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னக் குளவிதான் அடக்கியது. மரவள்ளியில் அப்புறம் வந்த மாவுப்பூச்சிக்கும் 2022-இல் சேலம் பக்கம் ஏத்தாப்பூரில் இன்னொரு குளவியைத்தான் விட்டார்கள். இட்டேரி வேலியை வெட்டிக் கம்பி வேலி போடுவதால் எனக்கு வரும் வருத்தம் இதனால்தான். கிளுவையும் கள்ளியும் பூவும் கொடியும் மண்டிய அந்த வேலி குளவிக்கும் ஓணானுக்கும் கரிச்சானுக்கும் வீடு.

மஞ்சள் கிழங்கு அழுகி, தண்டை இழுத்தால் கையோடு வந்தால் தண்ணீர்த் தேக்கம் முதல் காரணம். வடிகால் வெட்டுங்கள், அழுகியதைத் தோண்டி எடுத்துக் காட்டுக்கு வெளியே புதையுங்கள், அந்தக் காட்டுக் கிழங்கை விதைக்கு வைக்காதீர்கள். அடுத்த பட்டத்தில் விதைக்கிழங்கை டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தில் நேர்த்தி செய்து, வேப்பம்புண்ணாக்கு சேர்த்து, வேறு காட்டில் நடுங்கள்.

மாடு திடீரென்று மூச்சு வாங்கிச் சாய்கிறது

மேய்ந்தது இளஞ்சோளமா என்று கேளுங்கள். முளைத்து ஒரு மாதமே ஆன சோளத்திலும், வறட்சியில் குன்றியதிலும், அறுத்த தாளில் துளிர்த்த கொழுந்திலும் சயனைடு விஷம் இருக்கும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், நிமிடக்கணக்கு முக்கியம். பூப்பிடித்த பின்தான் பச்சைச் சோளத்தில் மேய விடலாம். மழை வந்து வாட்டம் தெளிந்த உடனேயும் விட வேண்டாம். அறுத்து நன்றாக உலர்த்திய தட்டில் இந்தப் பயம் குறைவு.

எதிலும் சேராத கோளாறு

பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோபிசெட்டிபாளையம் போன்ற ஊர்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. மண் எடுக்கும்போது வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டிய இடம் வேண்டாம். காட்டில் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடிக்குக் கொஞ்சம் கூட 'வி' வடிவக் குழி வெட்டி, குழியின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நாலு பங்காக்கி எதிர்ப்பங்கு ரெண்டைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை குறைத்து நிழலில் உலர்த்துங்கள். உர மூட்டைச் சாக்கில் போடாதீர்கள். தண்ணீரென்றால் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடியபின், அதே தண்ணீரில் கழுவிய பாட்டிலில் பிடியுங்கள். செடியென்றால் வேரோடு, நல்ல செடி ஒன்றும் சேர்த்து, செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலிதீன் பையில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் அழுகி, எது நோய், எது அழுகல் என்று யாராலும் சொல்ல முடியாது. என்ன விதை, எப்போது விதைத்தது, கடைசியாக என்ன உரம், என்ன மருந்து, எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பையோடு கட்டிக் கொடுங்கள். மருந்து அடித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.